கணவாய்க் காற்றில் ஒரு நேர்கோடு: போட்டிக்கான ஏரோபாட்டிக் மாதிரி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட முழுமையான வழிகாட்டி

வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையே, நிலக்கடலை பிடுங்கி முடித்த ஒரு மேட்டுக்காட்டில் எங்கள் ஓடுபாதை இருக்கிறது. ரோலர் ஓட்டிச் சமப்படுத்திய 80 மீட்டர் செம்மண், ஒரு பக்கம் பனை வரிசை, காலை வேளையில் குறுக்கே நடந்துபோகும் மயில்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இந்தக் காட்டின் மேல்தான் போகிறது. இங்கே ஒரு ரேடியோ விமானம் 100 மீட்டர் தூரம் நேராகப் பறந்தால் அது தற்செயலாக நடந்ததாக இருக்காது. கட்டியவர் சரியாகக் கட்டியிருக்கிறார், பறக்கவிட்டவர் சரியாகப் பழகியிருக்கிறார் என்று பொருள்.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் குட்டிக்கரணத்தைப் பார்க்கிறார்கள். போட்டி நடுவர் அதற்கு முன்னாலும் பின்னாலும் வரும் கோட்டைப் பார்க்கிறார். ஏரோபாட்டிக், அதாவது வான்சாகச, போட்டியில் விமானம் வரையும் வட்டம், உருளல் போன்ற ஒவ்வொரு உருவமும் நேர்கோட்டில் தொடங்கி நேர்கோட்டில் முடிகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் நேராகக் கட்டுவது, நேராகப் பறக்கும்படி சரிசெய்வது, நேராகப் பறப்பது என்ற மூன்றைப் பற்றியே பேசும்.

போட்டி என்ன கேட்கிறது?

எஃப்ஏஐ என்னும் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இந்தப் பிரிவை எஃப்3ஏ என்று அழைக்கிறது. முதல் உலகப் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்தது. அமெரிக்கரான எட் கஸ்மிர்ஸ்கி தன் ஓரியன் விமானத்தால் வென்றார். 1977இல் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் க்யூராரே என்ற விமானத்தோடு வந்து பட்டம் பெற்றார். அந்த இரண்டு விமானங்களின் வரைபடங்களை இன்றும் ஆர்வலர்கள் எடுத்துக் கட்டுகிறார்கள்.

இன்றைய எஃப்3ஏ விமானத்தின் இறக்கை நீளமும் (நுனிக்கு நுனி) உடல் நீளமும் தலா 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. பறப்பவர் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறது. நடுவிலிருந்து இடமும் வலமும் 60 பாகை, உயரத்தில் 60 பாகை. அந்தப் பெட்டிக்குள், ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி, உருவங்களை வரிசையாக வரைய வேண்டும். ஒவ்வோர் உருவத்துக்கும் 10க்கு மதிப்பெண். அதன் கடினத்துக்கேற்ற கே எண்ணால் அது பெருக்கப்படும். கோடு சுமார் 15 பாகை சாய்ந்தால் ஒரு மதிப்பெண் போகும் என்பது நடுவர்களின் பொதுவான அளவுகோல். இறக்கைச் சாய்வு, உருவத்தின் மையம், வட்டத்தின் வட்டத்தன்மை எல்லாம் இதே போலக் கழிக்கப்படும்.

எந்த அளவில் தொடங்குவது?

2 மீட்டர் விமானத்தோடு தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் பணம் மட்டும் இல்லை. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு உட்பட்டு, கண்பார்வைக்குள், பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ பறப்பவற்றை மாதிரி விமானம் என்று தனியாக வகைப்படுத்துகின்றன. ஆனால் கட்டுப்பாடு குறைந்த பச்சை மண்டலத்தில்கூடத் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. 150 மீட்டர் தள்ளிப் பறக்கும்போது 60 பாகை உயரம் என்பது 260 மீட்டர். பெரிய விமானத்தோடு முழுப் பெட்டியையும் பயன்படுத்தினால் வரம்பு இரண்டு மடங்குக்கு மேல் உடைந்துவிடும்.

1.25 மீட்டர் இறக்கை உள்ள விமானத்தை 65 மீட்டர் தள்ளிப் பறந்தால் அதே 60 பாகை 113 மீட்டரில் முடிகிறது. பெட்டியின் வடிவம் மாறாது, பழக்கம் அப்படியே வரும், வரம்புக்குள்ளும் இருப்போம். களத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூர் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் நம் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே இங்கே சொல்லும் அளவுகள் 1.25 மீட்டர் மின்சார விமானத்துக்கானவை. பேட்டரியோடு மொத்த எடை 1,600 கிராம். இதில் பேட்டரி 340, மோட்டார் 200, வேகக் கட்டுப்படுத்தி 60, அசையும் பலகைகளை இழுக்கும் நான்கு சர்வோக்கள் 100, புரொப்பல்லரும் மூக்குக் கூம்பும் 50, சக்கரங்கள் 100, ரிசீவரும் ஒயர்களும் 40. மீதம் 710 கிராமில் மரம், பசை, மேலுறை எல்லாம் அடங்க வேண்டும். இந்தப் பட்டியலைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

மரம் வாங்குவது

பால்சா மரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே கட்டில் வரும் இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனக்கும். 1,000 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 1.5 தடிமன் உள்ள பலகை இலேசானதாக இருந்தால் 15 கிராம், கனத்ததாக இருந்தால் 30 கிராம். இறக்கையின் இரண்டு முகங்களையும் மூட வேண்டிய பரப்பைக் கணக்கிட்டால் இந்த வித்தியாசம் மட்டும் 90 கிராம் வரும். நகை நிறுக்கும் சிறிய மின்தராசைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் எடையைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். இலேசானவை வாலுக்கும் இறக்கை நுனிக்கும். கனமானவை மூக்குப் பக்கத்துக்கும் நடு உடலுக்கும். வாலில் கூடும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டிவரும்.

இறக்கை

தெர்மாகோல் நடுவும் பால்சா மேலுறையும் கொண்ட இறக்கையைப் பரிந்துரைக்கிறேன். விலா எலும்பு வைத்துக் கட்டுவது அழகுதான். ஆனால் முறுக்கு இல்லாமல் கட்டுவதற்கு முதல்முறை செய்பவருக்குத் தெர்மாகோல்தான் ஏற்றது. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அதன் அகலம் உடலோடு சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டர், நுனியில் 180 மில்லிமீட்டர். குறுக்கு வெட்டு இருபுறமும் ஒரே வளைவு. தடிமன் 12 சதவீதம். தலைகீழாகவும் நேராகவும் ஒன்றுபோலப் பறக்க இந்தச் சமச்சீர் வேண்டும்.

மைக்கா தகட்டில் இரண்டு அச்சுகளை வெட்டித் தெர்மாகோல் கட்டியின் இரு முனையிலும் ஒட்டி, சூடான நிக்ரோம் கம்பியை இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். அச்சின் ஓரத்தைப் பத்துச் சம பாகமாகப் பிரித்து எண் போடுங்கள். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இரண்டு கைகளும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். வெட்டி எடுத்தபின் மிஞ்சும் மேல், கீழ் ஓடுகளை எறிந்துவிடாதீர்கள். அவைதான் இறக்கைக்குத் தொட்டில்.

மேலுறையை ஒட்ட உடனடிப் பசை, கரைப்பான் கலந்த பசை இரண்டும் கூடாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸியைப் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து, மரத்தின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். இறக்கையை அதன் தொட்டிலில் வைத்து, கிரானைட் பலகையின் மேல் கிடத்தி, 25 கிலோ அரிசி மூட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். கிரானைட் சமமாக இருந்தால் இறக்கையும் சமமாக வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் பறக்க முடியாத அளவுக்கு மேற்குக் காற்று வீசும். அதுவே பட்டறைக்கு ஏற்ற காலம். மழை நாளில் மட்டும் பலகைகளை ஒட்டாதீர்கள். ஈரத்தில் உப்பிய பால்சா மார்ச் வெயிலில் சுருங்கும்போது இறக்கையை முறுக்கிவிடும்.

உடல் பகுதியை விரைவாகவே சொல்லிவிடலாம். 3 மில்லிமீட்டர் பால்சா பக்கங்கள், மோட்டார் பிடிக்கும் இடத்தில் 4 மில்லிமீட்டர் ப்ளைவுட், பேட்டரித் தட்டுக்கு மெல்லிய ப்ளைவுட். மோட்டார் தாங்கியை 2 பாகை வலப்பக்கம் திருப்பி ஒட்டுங்கள். புரொப்பல்லர் சுழற்சி மூக்கை இடப்பக்கம் இழுக்கும். அதற்கு ஈடு இது.

நூல் பிடிப்பது

இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். அவசரப்பட்டுச் செய்தால் பின்னால் ஒரு வருடம் போகும். எனக்குப் போனது.

என் முதல் போட்டி விமானம் செங்குத்தாக ஏறும்போதெல்லாம் இடப்பக்கம் சரிந்தது. கணவாய்க் காற்றின் வேலை என்று நினைத்து ஒரு பருவம் முழுவதும் ரட்டரால் (நிற்கும் வாலின் பின்னால் அசையும் பலகை) பிடித்துப் பறந்தேன். பிறகு மோட்டாரை இன்னும் வலப்பக்கம் திருப்பினேன். ஏறும்போது சரியானது. மோட்டாரை அடக்கி இறங்கும்போது மறுபடி இடப்பக்கம் போனது. கடைசியில் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர், விமானத்தை அன்றுதான் முதல்முறை கையில் தொடுகிறார். பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பின்னாலிருந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை நடுவாகப் பிடித்தார். "தம்பி, நிக்கிற வாலைப் பாருங்க, பின்னால அரை நூல் இடப்பக்கம் போயிருக்குது" என்றார். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வளவுதான் குற்றம். எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவைத்த ரட்டரைப் போல அது வேலை செய்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் செய்யும் முறை இது. முதலில் உடலின் மேலும் கீழும் நடுக்கோடு போட வேண்டும். இறக்கையைப் பசையில்லாமல் பொருத்தி, வாலின் நடுவில் குண்டூசி குத்தி, அதிலிருந்து நீளாத மீன்பிடி நரம்பை இரண்டு இறக்கை நுனிகளுக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நீளமும் அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றாக இருக்கும் வரை அடுத்த வேலை இல்லை. பிறகு மூக்கின் நடுவிலிருந்து கிடைவாலின் இரு நுனிகளுக்கும் அதே அளவு. பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து, கிடைவாலும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். நிற்கும் வாலுக்கு மூலைமட்டமும் நடுக்கோட்டு நூலும். கோண அளவியால் இறக்கை, கிடைவால் இரண்டையும் சுழியத்தில் நிறுத்துங்கள். 300 மில்லிமீட்டர் இறக்கையில் ஒரு பாகை பிசகினால் பின்விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியும்.

எல்லாம் பொருந்தியபின் பென்சிலால் குறித்துக்கொண்டு, மெதுவாக இறுகும் 30 நிமிட எபாக்ஸியால் வால்களை ஒட்டுங்கள். இறக்கை திருகில் நிற்கட்டும். இறுகும் நேரத்தில் நூலை மறுபடி பிடித்துப் பாருங்கள்.

மின்சாரமும் கட்டுப்பாடும்

நான்கு செல் 3,300 மில்லியாம்ப்-ஹவர் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 60 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, 600 வாட்டுக்குக் குறையாத மோட்டார் போதும். சராசரி 20 ஆம்பியர் இழுத்தால், பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மீதம் வைத்து, ஏறத்தாழ எட்டு நிமிடம் கிடைக்கும். ரேடியோவில் ஆறு நிமிடத்துக்கு மணி வையுங்கள். செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது, 3.5க்குக் கீழே போகவும் கூடாது. பறக்காத நாட்களில் 3.8இல் வைத்திருங்கள். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் லிப்போவை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும் பொருள்.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளான எய்லரான் இரண்டுக்கும் தனித்தனி சர்வோ. நடுநிலையில் சர்வோவின் கை கம்பிக்குச் செங்கோணமாக இருக்க வேண்டும். கீல் இடைவெளிகளை ஒளி ஊடுருவும் டேப்பால் அடியிலிருந்து மூடுங்கள். சிறிய வேலை, பெரிய பலன். தொடக்கத்துக்கு எய்லரானும், கிடைவாலின் அசையும் பலகையான எலிவேட்டரும் 12 பாகை, ரட்டர் 30 பாகை, ரேடியோக் குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதம். எடை மையம் இறக்கையின் காற்றியக்கச் சராசரி அகலத்தின் 28 சதவீதத்தில் வரட்டும். அகன்ற பகுதிக்குக் கூடுதல் மதிப்பு தரும் இந்தச் சராசரி நம் இறக்கையில் 245 மில்லிமீட்டர், ஆகவே இறக்கை அந்த அகலத்தில் இருக்கும் இடத்தில் முன்விளிம்பிலிருந்து 69 மில்லிமீட்டர்.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்கும்படி ரிசீவரில் அமைக்காத விமானத்தைக் களத்துக்கே கொண்டுவரக் கூடாது.

களத்தில் நிற்கும் இடம்

கணவாயில் காற்று ஜூனில் மேற்கிலிருந்தும் டிசம்பரில் கிழக்கிலிருந்தும் வீசுகிறது. அதனால் ஓடுபாதையைக் கிழக்கு மேற்காகப் போட்டால் ஆண்டு முழுவதும் காற்று பறக்கும் கோட்டோடு ஒத்திருக்கும். பறப்பவர் பாதைக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் முதுகில் விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை மட்டும் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம்.

பறந்து பறந்து சரிசெய்வது

முதல் பறப்பில் வித்தை எதுவும் வேண்டாம். கையை எடுத்தால் நேராகப் போகும் வரை டிரிம் செய்து (ரேடியோவில் நடுநிலையைச் சிறிது சிறிதாக நகர்த்தி) இறக்குங்கள். அதன்பின் கீழே உள்ள வரிசையில்தான் போக வேண்டும். வரிசை மாறினால் ஒரு குற்றத்தை மறைக்க இன்னொரு குற்றத்தைச் செய்வீர்கள். நான் மோட்டாரைத் திருப்பியது அப்படித்தான்.

முதலில் எடை மையம். 45 பாகையில் ஏறும்போது தலைகீழாக உருட்டிக் கையை எடுங்கள். மூக்கு வேகமாகத் தாழ்ந்தால் முன்பக்கம் கனம். பேட்டரியை 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். மெதுவாகத் தாழ்ந்தால் சரி. தானே மேலே எழுந்தால் பின்பக்கம் கனம். அந்தப் பறப்பை உடனே முடித்து இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது, இறக்கைகளின் சம எடை. நேராக வந்து சட்டென்று எலிவேட்டரை இழுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை தாழ்ந்தால் எதிர்ப்பக்க நுனியில் சிறிய எடை வையுங்கள்.

மூன்றாவது, மோட்டாரை அடக்கிச் செங்குத்தாக இறங்குவது. மூக்கு தானே மேல்பக்கம் எழுந்தால் இறக்கையின் கோணத்தைச் சிறிது குறையுங்கள். அடிப்பக்கம் மடங்கினால் கூட்டுங்கள். கால் பாகை, அரைப் பாகைக்கு மேல் ஒரு தடவையில் மாற்றக் கூடாது. இடமோ வலமோ சரிந்தால் வாலைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவதாகத்தான் மோட்டார் கோணம். முழு வேகத்தில் செங்குத்தாக ஏற்றுங்கள். இடப்பக்கம் சரிந்தால் இன்னும் வலம், வலப்பக்கம் சரிந்தால் குறைவு. மேல்பக்கம் வளைந்தால் மோட்டாரைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். காற்றில்லாத காலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக, இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி ரட்டரால் தாங்கும் கத்திமுனைப் பறப்பு. விமானம் அடிப்பக்கம் இழுத்தால் ரட்டரோடு எலிவேட்டரைச் சில சதவீதம் கலந்துவிடுங்கள். உருண்டால் எய்லரானைக் கலக்க வேண்டும். இது முடிந்ததும் முதல் படிக்கே திரும்புங்கள். ஒன்றை மாற்றினால் மற்றவை கொஞ்சம் நகர்ந்திருக்கும். மூன்று சுற்று வந்தபின் விமானம் கைக்குள் அடங்குவது தெரியும். ஒரு விமானத்துக்கு ஐம்பது பறப்புகளை இதற்கே செலவிடத் தயங்க வேண்டாம்.

உருவங்களை வரைவது

கோட்டைப் பொறுத்தவரை எஃப்3ஏ நடுவர் விமானம் போகும் தடத்தைப் பார்க்கிறார், அதன் மூக்கு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை இல்லை. செங்குத்தாக ஏறும்போது மூக்கைக் காற்றுக்கு எதிரே சாய்த்து, தடம் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி வரையலாம், வரையவும் வேண்டும்.

லூப்பில், அதாவது செங்குத்து வட்டத்தில், இது நன்றாகத் தெரியும். காற்றுக்கு எதிரே நுழைந்தால் கீழ்ப்பகுதியில் மெதுவாக இழுங்கள். உச்சியில் விமானம் காற்றோடு போகும். தரையைப் பொறுத்து அதன் வேகம் கூடிவிடும். அங்கே அழுத்தி இழுக்காவிட்டால் வட்டம் பூசணிக்காயாக நீளும். காற்றோடு நுழைந்தால் எல்லாம் மறுதலை. எங்கள் காட்டில் பனையுச்சியை ஓர் அளவாக வைத்துக்கொண்டு, நுழைந்த உயரத்திலேயே வெளியேறுகிறோமா என்று பார்ப்போம்.

மெதுவான உருளல்தான் என் பார்வையில் மிகக் கடினமானது, மிக அழகானதும். வலப்பக்கம் உருட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எய்லரானை ஒரே அளவில், அசையாமல் பிடிக்க வேண்டும். வல இறக்கை கீழே போகப் போக இடது ரட்டர் படிப்படியாக ஏறும். கத்திமுனையில் அது முழு அளவில் இருக்கும். தலைகீழாகும்போது ரட்டர் கரைந்து, எலிவேட்டர் முன்னால் தள்ளப்படும். அடுத்த கத்திமுனையில் வலது ரட்டர். பிறகு எல்லாம் கரைந்து நேர்ப் பறப்பு. கட்டுப்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் இடத்தில் திடுக்கென்று அசைவு தெரியக் கூடாது. பெட்டியின் நடுப்புள்ளியில் சரியாகத் தலைகீழாக இருக்க வேண்டும். இரண்டு விரலால் மட்டும் ரேடியோக் குச்சியைப் பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஸ்டால் டர்னில் பொறுமை வேண்டும். செங்குத்தாக ஏறி, வேகத்தைக் குறைத்து, விமானம் கிட்டத்தட்ட நிற்கும் வரை காத்திருந்து, காற்று வரும் பக்கம் முழு ரட்டர். இறக்கையின் நுனிக்கு நுனி நீளத்தில் பாதிக்குள் திரும்பினால்தான் முழு மதிப்பெண். சுழன்றபடி இறங்கும் ஸ்பின்னுக்கு மோட்டாரை அடக்கி, உயரம் மாறாமல் எலிவேட்டரை மெதுவாக இழுத்து, இறக்கை உண்மையிலேயே ஸ்டால் ஆகி, தூக்கும் சக்தியை இழந்தபின் ரட்டரைக் கொடுங்கள்.

பயிற்சியில் பாதி தரையில் நடக்கிறது. ஒரு குச்சியின் நுனியில் சின்ன அட்டை விமானத்தை ஒட்டி, வரிசை முழுவதையும் கையால் வரைந்தபடி நடந்து பழகுங்கள். ரட்டர் பெருவிரலையும் கூடவே அசையுங்கள். சிமுலேட்டர் இருந்தால் நல்லது. களத்தில் அடுத்த உருவத்தைச் சொல்ல ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். எனக்கு என் தங்கை மகள் சொல்கிறாள். "மாமா, மூணு எண்ணிட்டு இழுங்க" என்ற அவள் குரலுக்கு என் கை பழகிவிட்டது.

ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் இறக்கைத் திருகுகள், கீல்கள், சர்வோக் கைகள், மோட்டார் தாங்கி என்ற வரிசையில் தொட்டுப் பார்த்துவிட்டு, காற்றின் திசையையும் மாற்றிய அளவுகளையும் நோட்டில் எழுதுங்கள். பத்துப் பறப்புக்கு ஒரு தடவை விமானத்தைக் கிரானைட் பலகையில் வைத்து, வாலிலிருந்து நுனிகளுக்கு அந்த நரம்பை மறுபடி பிடித்துப் பாருங்கள். வெயில் காலத்தில் ஐந்துக்கு ஒரு தடவை.